சுவரில் எழுதிய முப்பத்திரண்டு

கனகலதாவின் அடுப்பங்கரையில் கிழக்குச் சுவரோரம் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது சும்மா இருக்காது. மெல்லப் புரளும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு வேகம் பிடித்து அரிசி டின்னைச் சுற்றி வளைந்து, மேற்கு மூலையில் தண்ணீர் வெளியேறும் துளையில் போய் ‘டப்’பென்று விழும். ஒருமுறை அப்படி விழுந்த பழம் சாக்கடை வழியே தப்பித்துச் செங்கம் சாலையைப் பிடித்து, பௌர்ணமிக் கூட்டத்தோடு பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு, மறுநாள் காலை வாசலில் வந்து நின்றது என்பாள் அவள். பழம் வாடக்கூட இல்லையாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

தரை அப்படிச் சாய்ந்ததற்குக் கொத்தனார் சுப்பனைக் குறை சொல்லிப் பயனில்லை. அது மாமியாரின் கட்டளை. அவர்கள் நைனார் வீட்டுக்காரர்கள், தமிழ்ச் சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள், வெங்காயம் பூண்டு வாசற்படி ஏறாது, பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை போகாது. தரையில் தண்ணீர் தேங்கினால் பூச்சி பிறக்கும், பிறந்ததை யாராவது மிதிப்பார்கள், அந்தப் பாவம் வீட்டுக்காரிக்கு. ஆகவே கழுவிவிட்ட தண்ணீர் ஒரு நொடி நிற்கக் கூடாது.

“இவ்ளோ சாய்ச்சா நீங்களே உருண்டுடுவீங்க பெரியம்மா” என்றானாம் சுப்பன்.

“உருண்டா நாங்கதானே உருளப் போறோம்? உனக்கு இன்னா நஷ்டம்? சாய்டா” என்றாளாம் அவள்.

அந்த வருஷம்தான் கனகலதா கல்யாணமாகி வந்தாள். ரமணாசிரமத்தைத் தாண்டி அன்றைக்கு வேர்க்கடலைக் கொல்லைகள்தான்; சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாய்கூட அந்தப் பக்கம் தனியாக வராது. தரையோடு மேடையும் போட்டார்கள், மாமியாரின் அளவுக்கு. மாமியார் ஐந்தடி எட்டு அங்குலம். நின்றபடியே பரண்மேல் இருக்கும் ஊறுகாய் ஜாடியை எடுப்பவள். கனகலதா நாலடி பத்து. புதுப்பெண் முதல்நாள் பால் காய்ச்சப் போனபோது, பால் பொங்கியது அவளுக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது.

அன்றிரவே புருஷனிடம் சொன்னாள். தன்யகுமார் அப்போது ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்திருந்த புதிது. “அம்மா இருக்கற வரைக்கும் பொறுத்துக்கோ கனகா. நம்ம காலம் வந்தா, உன் உயரத்துக்கே ஒரு அடுப்பங்கரை கட்டித் தரேன். இது சத்தியம்.”

பிறந்த வீட்டிலிருந்து கல்யாணத்துக்குச் செய்து அனுப்பிய பலாக்கட்டை மணை ஒன்று இருந்தது. முகூர்த்தத்துக்கு அதில்தான் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் முதல் அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். சாய்ந்த தரையில் மணை ஆடாமலிருக்க ஒருபக்கம் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு. அடுப்பிலிருந்து தொட்டிக்குப் போக வேண்டுமானால் இறங்கு, மணையைக் காலால் தள்ளு, சிரட்டையைக் குனிந்து செருகு, ஏறு. இப்படி முப்பத்தோரு வருஷம். இடது காலைவிட வலது கால் ஒரு அங்குலம் நீண்டுவிட்டதாகவும், சமதரையில் நடந்தால்தான் தனக்குத் தலை சுற்றும் என்றும் சொல்லிச் சிரிப்பாள். மகன் சுதர்சன் பிறந்து, வளர்ந்து, படித்து, சென்னைக்குப் போய், நிவேதாவைக் கட்டி, ஒரு குழந்தைக்குத் தகப்பனும் ஆகிவிட்டான். மணை மட்டும் அங்கேயே இருந்தது. நடுவில் இரண்டு பாதங்களின் அளவுக்குப் பள்ளம் விழுந்து பளபளத்தது.

மாமியார் போய் இரண்டு வருஷமாயிற்று. தன்யகுமார் போன வருஷம் ரிட்டையர் ஆனார். கார்த்திகை தீபம் முடிந்த வாரம், ஒருநாள் வெயிலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மோர்க்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “மாடுலர் கிச்சன் போட்டுடலாம்னு இருக்கேன். ஆளை வரச் சொல்லிட்டேன்” என்றார்.

கனகலதாவுக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் மறக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் கழித்தும் மறக்கவில்லை! அடுத்த வீட்டு லலிதாம்பாளிடம் அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தடவை சொன்னாள்.

ஆள் வந்தான். முருகவேல். அடி அண்ணாமலைக்காரன், ஊரில் பாதி லாட்ஜுக்கும் முக்கால்வாசி வாடகை வீட்டுக்கும் அடுப்பங்கரைப் பெட்டிகள் பொருத்தியவன். காதில் பென்சில், தோளில் தண்ணீர் நிரப்பிய நீண்ட ட்யூப். ட்யூபின் ஒரு முனையைக் கிழக்குச் சுவரிலும் மறுமுனையை மேற்குச் சுவரிலும் பிடித்து மட்டம் பார்த்தவன், தரையை ஒரு பார்வை பார்த்தான், கூரையை ஒரு பார்வை பார்த்தான்.

“இன்னாம்மா இது, அடுப்பங்கரையா, சறுக்கு மரமா? ரெண்டு அங்குலம் எறங்குது.”

“ரெண்டேகால்” என்றாள் கனகலதா. “உன் ட்யூப்ல காத்து இருக்குது பார்.”

அவன் ட்யூபைத் தட்டினான். ஒரு குமிழி மேலேறிப் போனது. ரெண்டேகால். அதற்கப்புறம் முருகவேலின் குரலில் மரியாதை கூடிற்று.

“சமைக்கிறது யாரும்மா?”

“ஏன், என்னைப் பார்த்தா சாப்பிடறவ மாதிரி மட்டும் தெரியுதா?”

“இல்லம்மா, நம்ம வேலை அப்படி. கடைக்காரங்க மாதிரி எல்லாருக்கும் ஒரே உயரம் வெக்க மாட்டேன். சமைக்கிறவங்க முழங்கையைத்தான் அளப்பேன். கையை மடக்கி நில்லுங்க.” தரையிலிருந்து முழங்கை வரை நாடாவைப் பிடித்தான். முப்பத்தாறு. “அதுல நாலு கம்மி. முப்பத்திரண்டு. அடுப்புப் பக்கம் சரியா இருக்கும். தொட்டிப் பக்கம் தரை எறங்குறதால ரெண்டேகால் ஜாஸ்தி வரும். பரவால்லயா?”

“ஆறு அங்குல மணையில ஏறி எறங்கினவளுக்கு ரெண்டேகால் ஒரு கணக்கா?”

அப்புறம் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினான். பழைய மேடையை அன்று காலைதான் இடித்திருந்தார்கள். சுவர் வெறும் சிமெண்டாக நின்றது. “அளவை நீங்களே எழுதுங்க. எந்த வீட்டுல செஞ்சாலும் அளவு சொல்றவங்க கையாலதான் சுவத்துல எழுதச் சொல்வேன். பெட்டி வந்தா மறைஞ்சுடும். ஆனா நாளைக்கு யாராவது ‘நான் எங்க சொன்னேன்’னு கேட்டா, பெட்டியை நவுத்திக் காட்டிடுவேன்.”

கனகலதா மேற்கு மூலையில், தொட்டி வரப்போகிற இடத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில் 32 என்று எழுதினாள். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்தபோதுகூட இவ்வளவு நேரம் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் அவள் பிறந்த ஊர்க் கோயிலில் விசேஷம். “நிதானமா இருந்துட்டு வா. எட்டு நாள் இரு. இந்தத் தூசில உனக்கு இருமல் வந்துடும்” என்றார் தன்யகுமார். முப்பத்தோரு வருஷத்தில் ‘எப்போ வருவே’ என்று கேட்டிருக்கிறாரே தவிர, ‘இருந்துட்டு வா’ என்று சொன்னதேயில்லை. பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் வழியாக வாழைப்பழம்கூட வாங்கிக் கொடுத்தார். பஸ் வேட்டவலம் சாலையில் திரும்பும்வரை அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஐந்தாம் நாள் முருகவேல் போன் செய்தான். “அம்மா, உங்க வீட்டுல ஒரு பலா மணை இருக்குதே, அது வேணுமா உங்களுக்கு? தொட்டிப் பக்கம் பெட்டிக் காலோட திருகு தரைக்கு எட்டல. அடியில முட்டுக் குடுக்க தண்ணில ஊறாத கட்டையா தேடறேன்.”

சுற்றிலும் அக்கா, அண்ணி, சித்தி எல்லாரும் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள். கனகலதா அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்: “எடுத்துக்கோப்பா! இனிமே எனக்கு அது எதுக்கு? என் வீட்டுக்காரர் என் உயரத்துக்கே கட்டித் தரார்!”

அந்தப் பக்கம் முருகவேலின் சுத்தியல் சத்தம் நின்றது. “சரிம்மா” என்று வைத்துவிட்டான். சிக்னல் சரியில்லை போலும் என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தாள். தன்யகுமார் வெளியே போயிருந்தார். செருப்பைக் கழற்றிய வேகத்தில் அது எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது, அடுப்பங்கரைக்கு ஓடினாள். பெட்டிகள் நின்றன. வரிசையாக, வெண்ணெய் நிறத்தில், கைப்பிடி வைத்து. மேலே வைக்கும் கருப்புக்கல் மறுநாள்தான் வரும் என்றபடி முருகவேல் மூலையில் உட்கார்ந்து கீல் முடுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் அடுப்பு வரப்போகிற இடத்தில் போய் நின்றாள். கையை மடக்கினாள்.

பெட்டியின் விளிம்பு முழங்கைக்கு ஒரு விரலகலம்தான் கீழே இருந்தது. இன்னும் கல் வர வேண்டும். கல்மேல் அடுப்பு, அடுப்புமேல் குக்கர். குக்கருக்குள் எட்டிப் பார்க்க அவளுக்கு...

“முருகவேலு, இது உசரமா இருக்குதே?”

“தரைம்மா” என்றான் அவன், திரும்பாமல். “உங்க தரை ரொம்ப மோசம். மட்டத்துக்குக் கொண்டாறதுக்குள்ள உசரம் ஏறிடுச்சு.”

கனகலதா அதைக் கேட்டுக்கொண்டாள். முப்பத்தோரு வருஷம் தினம் இரண்டு வேளை குனிந்து கழுவிய தரை. அது எங்கே இறங்கும், எங்கே ஏறும், எந்தச் சதுரத்தில் ஒரு சொட்டு தயங்கி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தரைமேல் எந்தப் பழி வேண்டுமானாலும் போடலாம், மேடான பக்கத்தை அது உயர்த்திவிட்டது என்கிற பழியைத் தவிர. கிழக்குப் பக்கம்தான் தரையின் உச்சி. அங்கே வைத்த அளவு அளவுதான். இறக்கமெல்லாம் மேற்கே.

தையல் மெஷின் டிராயரிலிருந்து நாடாவை எடுத்து வந்து பிடித்தாள். முப்பத்தைந்தேகால். முக்கால் அங்குலக் கல் வந்தால் முப்பத்தாறு. அவன் கீலையே முடுக்கிக்கொண்டிருந்தான். முடுக்கி முடிந்த கீலை.

மேற்கு மூலைக்குப் போனாள். தொட்டிப் பெட்டிக்கு மட்டும், குழாய் போவதற்காக, முதுகுப் பலகை கிடையாது. கதவைத் திறந்து மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டாள். சுவர் தெரிந்தது. அவள் எழுதிய 32 தெரிந்தது. அதன் குறுக்கே ஸ்கேல் வைத்து அடித்ததுபோல் ஒரு கோடு. கீழே 36. அந்த ஆறின் வயிற்றை நன்றாக மூடி, தலைக்கு ஒரு சின்னக் கொக்கி போட்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் மளிகைச் சீட்டிலும், பால் காலண்டரிலும், பையனின் மார்க் ஷீட் கையெழுத்துக்குக் கீழ்த் தேதியிலும் பார்த்த ஆறு. வேறு யாருக்கும் அந்தக் கொக்கி வராது.

முப்பத்தாறுக்கு நின்று சமைக்க இந்த வீட்டில் ஆளில்லை. தலையை வெளியே எடுக்காமலே கேட்டாள். “யாருப்பா வரப் போறாங்க?”

முருகவேல் திருப்புளியைக் கீழே வைத்தான். “ஹாலந்துக்காரங்கம்மா. புருஷன் பொண்டாட்டி. பொங்கல் கழிச்சு வராங்க. மூணு வருஷ வாடகைக்குப் பேசியிருக்காரு சார். அந்த ஆளு ஆறடி நாலு அங்குலம்... நாப்பதுக்கு வெக்கச் சொன்னாரு. சார்தான் பேசிப் பேசி முப்பத்தாறுக்குக் கொண்டாந்தாரு.”

“அப்போ நாங்க?”

“உங்க பையன் வீட்டுக்கு. குழந்தையைப் பாத்துக்கறதுக்கு. அம்மாகிட்ட நானே பதமா சொல்றேன், நீ வாயைத் தொறக்காதேன்னாரும்மா. சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்.”

“நெனச்சே. அதான் தரைமேல பழி போட்டே.”

அவன் சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கினான்.

“மணையைக் கேட்டு போன் பண்ணியே, அப்போ உனக்குத் தெரியும்.”

“பலாக்கட்டைம்மா. வேற கட்டை கைல இல்ல...”

“முப்பத்திரண்டுக்கு வெச்சிருந்தா திருகே எட்டியிருக்கும். முட்டு எதுக்கு? எனக்கு எட்டாத உசரத்துக்குத் தூக்க என் மணையையே அறுத்திருக்கே.”

முருகவேல் பைக்குள் ஸ்பேனரைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். “நான் நாளைக்கு வரேம்மா” என்று எழுந்தவன், வாசலில் தன் செருப்பு என்று நினைத்து தன்யகுமாரின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

லலிதாம்பாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். “வந்துட்டியா கனகா? எப்போ கிளம்பறீங்க? பேரனைப் பார்த்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு, நல்லதுதான்.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“நீ ஊருக்குப் போன மறுநாளே சொன்னாரே. ஏன்?”

தெருமுனை ஆட்டோக்காரருக்குத் தெரியும். பால்காரனுக்குத் தெரியும், ஜனவரியிலிருந்து பசும்பால் வேண்டாம், ஹாலந்துக்காரர்கள் பாதாம் பால்தான் குடிப்பார்களாம் என்பதுவரை தெரியும். அந்தத் தெருவில் தகவல் தெரியாத ஒரே ஜீவன் அவள்தான். மாமியாரின் தரையில் பிறக்காமல் போன பூச்சிகள்கூட அறிந்திருக்கும்.

சுத்தியலின் பின்பக்கத்தால் தொட்டிப் பெட்டிக்கு அடியிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே எடுத்தாள். ஏழு துண்டு. வெளித் தாழ்வாரத்தில், அடுப்பைத் தற்காலிகமாக வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அவற்றைச் சேர்த்துப் பார்த்தாள். பாதப் பள்ளங்கள் இரண்டும் தெரிந்தன. ஆனால் ரம்பம் தின்ற இடமெல்லாம் இடைவெளி. இடது பாதத்தின் விரல்கள் ஒரு துண்டில், குதிகால் வேறொன்றில்.

தன்யகுமார் ஐந்தரை மணிக்கு வந்தார். கையில் ஒரு பூப்பொட்டலம். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வழக்கம்போல் சாப்பாட்டுக்கு வந்து நின்றார். மார்கழி வெயில் மலையின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது.

“கனகா, பொழுது போவுது. தட்டு போடு.”

“அளவு மாறிடுச்சுங்க. எனக்கு எட்டல.”

அவர் கட்டைகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பூப்பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையை மாற்றினார். “முருகவேல் சொல்லிட்டானா?”

“அவன் சொல்லல. உங்க ஆறு சொல்லிச்சு.”

“இப்படி உட்காரு, நான் சொல்றதைக் கேளு. நிவேதா வேலைக்குப் போகணும். குழந்தையைப் பார்க்க ஆள் இல்ல. நீ முன்னாடியே தெரிஞ்சா மாட்டேன்னுடுவே, அதான்...”

“மாட்டேன்னு சொல்வேன்னு தெரிஞ்சுதான் கேக்காம இருந்தீங்களா?”

“உன் நல்லதுக்குத்தான் கனகா.”

“என் நல்லதைக் கோடு போட்டு அடிச்சிருக்கீங்களே. ஸ்கேல் வெச்சு.” குரலை உயர்த்தவில்லை. “பேரனைப் பார்க்க வான்னு கூப்பிட்டிருந்தா, வந்திருப்பேனோ என்னவோ. எனக்குன்னு கட்டறேன்னு சொல்லிட்டு, யாருக்கோ கட்டினீங்க. ஊருக்கெல்லாம் சொன்னீங்க. அங்க எங்கக்கா, அண்ணி முன்னாடி நான் பீத்திக்கினு இருந்தேன்.”

மலையுச்சியில் இருந்த வெயில் விரலகலம் ஆயிற்று. தன்யகுமார் அதைப் பார்த்தார். விளக்கு வைத்தபின் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அதை ஆபீசில் அறுபது பேரிடம் பெருமையாகச் சொன்னவர். ஹோட்டலுக்குப் போகலாமென்றால் அங்கே வெங்காயம் இல்லாத பொருள் கல்லாப்பெட்டி ஒன்றுதான். அவர் தாழ்வாரத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். கனகலதா கட்டைகளைச் சேர்த்துவைத்துப் பிரித்தாள். உச்சி சாம்பல் நிறமாயிற்று. கோயிலில் மணியடித்தது. அவ்வளவுதான், அன்றைய சாப்பாடு முடிந்தது.

மறுநாளும் சமைக்கவில்லை. அதற்கு மறுநாளும். தனக்கு மட்டும் மத்தியானம் ஒரு பிடி அவலை ஊறவைத்துக்கொண்டாள். அவர் வாழைப்பழத்தில் காலம் தள்ளினார். மூன்று நாளில் நூற்றுப்பன்னிரண்டு பழம் தின்றதாகவும், நாலாம் நாள் அதிகாலையில் ஆசிரமத்துக் குரங்குகள் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து அவரைத் தங்கள் ஜாதியில் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று ஆலோசித்ததாகவும் லலிதாம்பாள் இன்றைக்கும் சொல்கிறாள். சுதர்சன் போனில் “அம்மா, நான் சொல்லச் சொன்னேம்மா, அப்பாதான்...” என்றான். “உனக்கும் வாய் இருந்துச்சே, கண்ணு” என்றாள்.

நாலாம் நாள் காலை முருகவேல் வந்தான், ரம்பத்தோடு. யார் கூப்பிட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. தன்யகுமாரின் செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தவன், பெட்டிகளைச் சுவரிலிருந்து கழற்றினான். கால்களைக் குறைத்தான், அடிப்பலகையை அறுத்தான். எல்லாம் முடிந்து மறுபடி நிறுத்தும் முன், பழக்க தோஷத்தில் காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டான். யாரிடம் நீட்டுவதென்று தெரியவில்லை.

தன்யகுமார் கையை நீட்டினார். “குடு. என்னுதை அடிச்சுடறேன்.”

“வேண்டாம்” என்றாள் கனகலதா.

“இல்ல கனகா, தப்புதான், அதை...”

“இருக்கட்டும். ரெண்டும் இருக்கட்டும். பெட்டி வந்தா மறையத்தானே போவுது.”

பெட்டி வந்தது, மறைத்தது. ஹாலந்துக்காரர்களுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கிடைத்துவிட்டதாகத் தன்யகுமார் அவராகவே ஒருநாள் சொன்னார். அவள் உம் கொட்டினாள். தொட்டிக்குக் கீழே குப்பைக்கூடை இருக்கிறது. அதை எடுக்கக் குனியும்போதெல்லாம் முதுகில்லாத பெட்டி வழியே சுவர் தெரியும். இப்போது அவர்தான் குப்பையை எடுத்துப் போய்க் கொட்டுகிறார். அவளைக் குனியவிடுவதில்லை.

கல் வந்து உட்கார்ந்த அன்று மத்தியானம், வீட்டில் யாருமில்லாத நேரத்தில், கனகலதா மேடையின் முன்னால் வெறும் தரையில் நின்றாள். முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே, அளந்து வைத்தாற்போல். மேடைமேல் கிழக்கு ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். பழம் நகரவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தாள், இரண்டு நிமிஷம் பார்த்தாள். அது அங்கேயே இருந்தது. இருந்தும், மேடை விளிம்புக்குக் கீழே, பழம் விழுந்தால் பிடிப்பதற்காக ஏந்திய கையை அவள் எடுக்கவில்லை.